வாய் உடைந்த பறவையும் சித்தன்னவாசல் அன்னமும்

இந்த வாரம் நான் அசடு வழிஞ்ச கதையில இருந்து ஆரம்பிக்கலாம்.

போன தை மாசம் புதுக்கோட்டையில இருந்து சித்தன்னவாசலுக்குக் கிளம்பினேன். பறவை பார்க்க ஆரம்பிச்சு அப்போ மூணு மாசம்தான் ஆகியிருந்தது. கழுத்துல புது பைனாகுலர், போன்ல பறவை ஆப். வழியில ஒரு கண்மாய். கரையோரமா பெரிய பறவை ஒண்ணு நிக்குது. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு. பைனாகுலர்ல பார்த்தா மேல் அலகும் கீழ் அலகும் சேரவே இல்லை. நடுவுல இடைவெளி, அது வழியா வெளிச்சம் தெரியுது. யாரோ கல்லால அடிச்சு வாயை உடைச்சுட்டாங்கன்னு பதறிப் போய், வனத்துறை நம்பரைத் தேட ஆரம்பிச்சேன்.

பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த அப்பத்தா ஒருத்தங்க சிரிச்சாங்க. "அதுக்கு வாயே அப்படித்தான் தம்பி. நத்தகுத்தி. நத்தையைக் குத்தித் திங்கும்ல."

புத்தகத்துல அதோட பேர் நத்தைகுத்தி நாரை. வளர்ந்த பறவைக்கு அலகுல அந்த இடைவெளி இயல்பாவே இருக்கும். குஞ்சுக்கு இருக்காது. அப்பத்தா சொன்ன பேர், அந்தப் பறவை என்ன செய்யுதுன்னு பார்த்து வைச்ச பேர். நானோ பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு கட்டிட்டேன்.

இதே தப்பை நாம ஒரு சமூகமாவும் செஞ்சிருக்கோம். அதைத்தான் அன்னைக்கு மத்தியானம் குகைக்குள்ள புரிஞ்சுக்கிட்டேன்.

சித்தன்னவாசல் அறிவர் கோயில், பாறையைக் குடைஞ்சு செஞ்ச சமணக் குடைவரை. அண்ணாந்து பார்த்தா விதானத்துல ஒரு தாமரைக் குளம். இலையும் பூவுமா நெருக்கமா இருக்கு. நடுவுல மீன், எருமை, யானை, பூப்பறிக்கிற ஆட்கள். அவங்களுக்கு இடையில சில பறவைகள். ஒரு புத்தகத்துல அதை அன்னம்னு எழுதியிருக்கும், இன்னொண்ணுல வாத்துன்னு எழுதியிருக்கும். அப்போ அது எது?

அன்னம்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? வெள்ளை வெளேர்னு, கழுத்து எஸ் மாதிரி வளைஞ்சு, ஏரியில மிதக்கிற ஸ்வான். அந்தப் படம் நம்ம தலைக்குள்ள வந்ததுல அச்சுப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரவி வர்மா 1899-ல வரைஞ்ச தமயந்தி படத்துல இருக்கிற அன்னத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. காலண்டர்லயும் பத்திரிகையிலயும் வந்த அன்னமெல்லாம் அந்த வம்சம்தான்.

சிக்கல் என்னன்னா, அந்த ஸ்வான் தமிழ்நாட்டுக் கண்மாய்க்கு வலசை வர்ற பறவையே இல்லை. இந்தியாவோட வடமேற்குப் பக்கம் எப்பவாவது வழிதவறி வரும், அவ்வளவுதான்.

சரி, நம்ம கவிஞர்கள் சொன்ன குறிப்புகளை ஒரு பறவை ஆர்வலரோட நோட்டுப்புத்தகம் மாதிரி வாசிச்சுப் பார்ப்போம்.

முதல் குறிப்பு, நடை. 'அன்னநடை'ன்னு நாம இன்னைக்கும் சொல்றோம். ஆனா ஸ்வான் தண்ணியிலதான் அழகு. தரைக்கு வந்தா தடுமாறும். புல்வெளியில நாள் முழுக்க மேய்ஞ்சு, நிதானமா அசைஞ்சு நடக்கிறது பெருவாத்து இனம்தான்.

இரண்டாவது, பாதை. புறநானூறு 67-வது பாட்டுல பிசிராந்தையார் ஒரு அன்னச் சேவல்கிட்ட பேசுறார். குமரித் துறையில இரை தின்னுட்டு வடமலைக்குப் போற வழியில, உறையூர்ல இறங்கி கோப்பெருஞ்சோழனைப் பாருன்னு சொல்லி அனுப்புறார். மேப்ல குமரிக்கும் உறையூருக்கும் ஒரு கோடு போடுங்க. அது புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் மேற்காப் போகும். ஏறக்குறைய நான் நின்ன கண்மாய்ப் பக்கம்!

வரித்தலை வாத்துன்னு ஒரு பறவை நிஜமாவே அப்படித்தான் பயணம் பண்ணுது. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகள்ல குஞ்சு பொரிச்சுட்டு, இமயமலையைத் தாண்டி குளிர்காலத்துக்கு இங்க வரும். 7,000 மீட்டருக்கு மேல அது பறந்ததைக் கருவி மாட்டியே பதிவு பண்ணியிருக்காங்க. ஜெ.பி. வோகல்ங்கிற டச்சு அறிஞர் இதைப் பத்தி எழுதின புத்தகமே 1962-ல வெளியாச்சு. இந்திய இலக்கியத்துலயும் சிற்பத்துலயும் வர்ற ஹம்சம் ஸ்வான் இல்லை, பெருவாத்துதான்னு அதுல வாதாடினார்.

கேஸ் முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன். ஆனா மூணாவது குறிப்பு இடிக்குது. பிசிராந்தையாரோட அன்னம் அயிரை மீன் தின்னுச்சு. வரித்தலை வாத்து பெரும்பாலும் புல்லும் தானியமும் தின்கிற பறவை. ஆக, 'அன்னம்' ஒரே ஒரு இனத்தோட பேரா இல்லாம, சில நீர்ப்பறவைகளுக்குப் பொதுப்பேரா இருந்திருக்கலாம். எனக்கு அதுதான் நியாயமாப் படுது. பிடிக்காத குறிப்பை மட்டும் அழிச்சுட்டு விடையை எழுதுறது பறவை பார்க்கிறது ஆகாது.

இதே குகையில மனுஷங்க விஷயத்துலயும் இப்படி ஒரு குழப்பம் நடந்திருக்கு. 1920 வாக்குல இந்த ஓவியங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினவர் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய். குகையோட பாணியைப் பார்த்து, இது 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து வேலைன்னு சொன்னார். அப்புறம் முகப்புக்குத் தெற்கே பாறையில இருக்கிற தமிழ்க் கல்வெட்டை வாசிச்சாங்க. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துல, அதாவது 9-ஆம் நூற்றாண்டுல, இளங்கௌதமன்ங்கிற மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பிச்சதா அது சொல்லுது. இன்னைக்கு நாம பார்க்கிற ஓவியங்களையும் பெரும்பாலும் அந்தக் காலத்தோடதான் சேர்க்கிறாங்க. இருநூறு வருஷ வித்தியாசம்!

அந்தக் கல்வெட்டுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஊர்ப் பேர் அதுல 'அண்ணல்வாயில்'. இன்னைக்கு நாம எழுதுற 'சித்தன்னவாசல்'ல அன்னத்தைத் தேடினா ஏமாந்துதான் போவோம்.

மன்னன் பேரைத் திருத்தக் கல்வெட்டு இருந்தது. விதானத்துப் பறவைக்கு அப்படி எதுவும் இல்லை. நிறமும் கோடும்தான் சாட்சி. அதுவும் நிறைய உதிர்ந்து போச்சு. தலையில ரெண்டு கறுப்புப் பட்டை இருந்ததா இல்லையான்னு அதை வைச்சுச் சொல்ல முடியாது. உதிர்ற ஒவ்வொரு துளி நிறமும் ஒரு சாட்சி காணாம போற மாதிரி. அதனால உள்ள போனா கையை மட்டும் பாக்கெட்லயே வைச்சுக்குங்க.

திரும்பி வர்ற வழியில என் நோட்டைத் திறந்து, காலையில எழுதின 'அடிபட்ட பறவை'யை அடிச்சேன். "அலகில் இடைவெளி. நத்தை தின்கிறது. பெயர் சொன்னவர்: ஆடு மேய்க்கும் அப்பத்தா"ன்னு எழுதினேன்.

வர்ற ஜனவரியில அரியலூர் மாவட்டம் கரைவெட்டிக்கோ, நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துக்கோ போய்ப் பாருங்க. வரித்தலை வாத்து அங்க வரும். வெள்ளைத் தலை, பின்னால ரெண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சுக் கால். அது கரையேறி நடக்கிற வரைக்கும் காத்திருங்க. "வாத்து மடையா"ன்னு திட்டுறோமே, அந்த வாத்தோட சொந்தக்காரன்தான். அந்த நடையைப் பார்த்துட்டு, நம்ம கவிஞர்கள் எதைப் பார்த்து மயங்கினாங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.