அரண்மனைப் பையன்களின் வேகமும் மெட்ராஸ் வீட்டு யோகமும்



நம்ம ஆலயத்துக்கு வர்றவங்கள்ல பல பேர் இப்போ வீட்டிலேயே யூடியூப் பார்த்து 'வின்யாச ஃப்ளோ' யோகா பழக ஆரம்பிச்சிருக்காங்க. ஒரு ஆசனத்திலிருந்து அடுத்த ஆசனத்துக்கு நிற்காமல் மூச்சோடு போகிற யோகா அது. ரெண்டு கேள்வி அடிக்கடி கேட்கிறாங்க. இது நம்முடையதா, வெள்ளைக்காரங்க உண்டாக்கியதா? ஐம்பது வயசுக்கு மேல இதைத் தொடங்கலாமா? ரெண்டுக்கும் பதில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருக்கு.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பூசை தொடங்கும்போது குருக்கள் அங்கநியாசம், கரநியாசம் செய்வதைப் பார்த்திருப்பீங்க. மந்திரத்தை உடம்பில் அந்தந்த இடத்தில் வைப்பதுதான் நியாசம். அதே சொல்தான் வின்யாசத்திலும் இருக்கு. முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது என்று பொருள். அதில் வேகம் என்ற அர்த்தமே கிடையாது.

யோகம் மிகப் பழசு. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவது மூன்றே சூத்திரங்கள்தான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லியிருக்கார். அங்கெல்லாம் முக்கியம் அசையாமல் அமர்வதும் மூச்சும்தான். இன்றைக்கு நாம் வீடியோவில் பார்க்கிற அந்த ஓட்டம் பெரும்பாலும் 1930களில் மைசூரில் உருவான பாணியிலிருந்து வந்தது.

அதைக் கற்பித்தவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888ல் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்த ஆரம்பித்தார். தன் குருவிடம் கற்றதையே சொல்லித் தருவதாகத்தான் அவர் சொன்னார். 1934ல் 'யோக மகரந்தம்' என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார்.

அந்த யோகசாலையில் படித்தது யார்? பெரும்பாலும் அரண்மனையைச் சேர்ந்த சின்னப் பையன்கள். வளைகிற உடம்பு, அடங்காத சக்தி. அவங்களுக்குத் தாவி, குதித்து, தொடர்ச்சியாகச் செய்கிற பயிற்சி பொருந்தியது. பல ஊர்களுக்குப் போய் மக்கள் முன்னால் செய்தும் காட்டினாங்க. அவரிடம் இளம் வயதில் கற்ற பட்டாபி ஜோயிஸ் அந்தத் தொடர் பயிற்சியை மைசூரிலேயே கற்பித்து வந்தார். வெளிநாட்டவர்கள் அவரைத் தேடி வந்தாங்க. 1975ல் அவரும் அமெரிக்கா போனார். அங்கே அதைப் படித்தவங்க ஆளுக்கொரு விதமாக மாற்றியதுதான் இன்றைய ஃப்ளோ. ஆக, வேர் நம்முடையது, இன்றைய கிளைகள் பல நாட்டில் வளர்ந்தவை.

ஆனா கதை அங்கே முடியலை. இதைத்தான் வீடியோக்கள் சொல்வதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவு போய், யோகசாலை மூடப்பட்டது. 1952ல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சட்ட அறிஞருக்கு உதவ கிருஷ்ணமாச்சார்யா மெட்ராஸ் வந்தார், அங்கேயே தங்கிட்டார். இப்போ அவர் முன்னால் வந்தது வயசானவங்க, நோயாளிகள், குடும்பப் பெண்கள், வேலைக்குப் போறவங்க. அதே ஆச்சார்யார் முறையை மாற்றினார். ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயசு, உடம்பு, மூச்சைப் பார்த்து, குறைவான அசைவுகளை மெதுவாகக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார், பொறியியல் படித்தவர், 1976ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழியைத் தொடர்ந்தது. ஆச்சார்யார் நூறு வயசு கண்டு 1989ல் மறைந்தார்.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். புது ஆள் வந்தா முதல் நாளே வேகமான லைன்ல நிறுத்த மாட்டோம். ஆளுக்கு ஏற்ற மாதிரிதான் வேலை கொடுப்போம். வீட்டில் தனியாக யோகா பழகுறவங்க எடுத்துக்க வேண்டியது மெட்ராஸ் பாடத்தை, அரண்மனைப் பையன்களின் பாடத்தை இல்லை.

எப்படித் தொடங்கலாம்? காலையில் பசியாறுவதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் போதும். நின்றபடி மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்குங்க, விட்டுக்கொண்டே இறக்குங்க. அடுத்து, மூச்சை விட்டுக்கொண்டே முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் குனியுங்க, இழுத்துக்கொண்டே நிமிருங்க. மூச்சு முதலில் தொடங்கணும், அசைவு அதற்குள்ளேயே முடியணும். ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை. வாயால் மூச்சு வாங்குற நிலை வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்திடுங்க. கடைசியில் மல்லாந்து படுத்துச் சில நிமிடம் சவாசனம். இது பழகிய பிறகு சூரிய நமஸ்காரத்துக்குப் போகலாம். தலைகீழ் ஆசனங்களை வீடியோ பார்த்துச் செய்யாதீங்க. இரத்த அழுத்தம், இருதய நோய், முட்டி அல்லது முதுகு வலி உள்ளவங்க டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்க.

வீடியோவில் இருபது வயசுப் பிள்ளை குதிப்பதைப் பார்த்து 'இது நமக்கு ஆகாது' என்று பாயைச் சுருட்டி வைத்தவங்க நம்மில் நிறைய பேர். அது அவங்க உடம்புக்கு ஏற்ற பாடம். உங்கள் வயசுக்கும் அதே ஆச்சார்யார் ஒரு பாடம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கார். பாயைத் திரும்ப விரிங்க.

வீட்டில் உள்ள பெரியவங்களுக்கும் வாசித்துக் காட்டுங்க. எல்லாருக்கும் இறைவன் நல்ல உடல்நலம் அருளட்டும்.

திருச்சிற்றம்பலம்.