பிடி சூழ்ந்த எல்லையும் பேரனின் கணினியும்

நாகூர் வீட்டில் என் பேரன் பிட்காயின் 'நோட்' ஒன்றை ஓட்டுகிறான். சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு புதுக் கணக்குப் பக்கம் வருமாம். சரிபார்த்துத் தன் நகலில் சேர்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் பின்தங்கிவிடும். காசு ஒன்றும் கிடைக்காது!

எனக்கு ஆனைமங்கலம் ஞாபகம் வந்தது. அவ்வூர் வருவாயை நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் கொடுத்தபோது, பெண்யானையை நடத்தி எல்லை காட்டினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்காகப் பலர் கையெழுத்திட்டார்கள். மகன் இராசேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். சுமார் 1090இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி உறுதிசெய்து தனிப் பட்டயம் தந்தான்.

1867இல் விகாரத்தின் கடைசிக் கோபுரமும் இடிக்கப்பட்டது. செப்பேடுகள் அதற்கு முன்பே டச்சுக்காரர் கையில் ஹாலந்து போய்விட்டன.

"அதுக்குத்தான் தாத்தா, உலகம் பூரா நகல்" என்றான் பேரன். கையோடு பேட்டரிக்குப் பணம் கேட்டான். கொடுத்தேன்.