கலப்பு மோட்டோகிராஸ் வண்டி

ஒரு தொழிற்சாலை செய்த எஞ்சினை வேறொருவர் செய்த சேசிஸில் ஏற்றி, மேடும் பள்ளமுமான மண்தடத்தில் ஓட்டுவதற்காகக் கட்டப்படும் பந்தய மோட்டார் சைக்கிள். காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களே இதற்குப் பெரிதும் பயன்பட்டன. இங்கிலாந்திலும் சுவீடனிலும் 1950களின் இறுதியில் வேரூன்றிய இந்தப் பட்டறைக் கலை, 1977இல் களமிறங்கிய எச்எல் 500 வண்டியில் உச்சம் தொட்டது.

சிறு பட்டறைக்காரர்கள் காற்றால் குளிரும் எஞ்சினை நாடியதற்கு அதன் எளிமையே காரணம். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின்மேல் காற்று பட்டால் போதும். ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய் ஆகியவற்றுக்கு இடம் தேட வேண்டியதில்லை. மேக்னெட்டோ இருந்தால் பேட்டரியும் தேவையில்லை. கழற்றி மேசைமேல் வைத்த எஞ்சினுக்கும் வண்டிக்கும் உள்ள உறவு விரல்விட்டு எண்ணக்கூடியது: தாங்கும் போல்ட்டுகள், கார்புரேட்டர், புகைக்குழாய், கிளட்ச் கேபிள், செயின், ஓரிரு வயர்கள். இவற்றை வேறொரு சேசிஸில் சேர்த்துவிட்டால் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும்.

ஓடுவது வேறு, பந்தயத்தில் ஓடுவது வேறு. எஞ்சினின் ஸ்ப்ராக்கெட்டும் பின்சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சற்றே விலகினாலும் செயின் பக்கவாட்டில் தேய்ந்து கழன்றுவிடும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எந்த அச்சில் ஆடுகிறதோ, அந்த அச்சுக்கு எஞ்சினின் ஸ்ப்ராக்கெட் எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. தூரம் கூடினால், வண்டி தாவி விழும் ஒவ்வொரு முறையும் செயின் இறுகித் தளரும். எஞ்சினை உயர்த்தி வைத்தால் அடிப்பகுதி கல்லில் மோதாது. ஆனால் எடை மேலேறி வளைவில் வண்டி சாயத் தயங்கும். முன்னால் தள்ளினால் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்கும்; மிகவும் தள்ளினால் பின்சக்கரம் பிடிப்பிழந்து வீணாகச் சுழலும். பெரிய ஒற்றை சிலிண்டரின் அதிர்வோ தாங்கு தகடுகளை விரிசல் விடச் செய்யும். ஆகவே சிலிண்டர் தலையிலிருந்து சேசிஸின் மேல்குழாய்க்கு ஒரு தாங்கியும் கொடுப்பார்கள்.

எண்ணெய்ச் சிக்கல் தனி. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களிலும் யமஹா எக்ஸ்டி 500இலும் எண்ணெய் எஞ்சினின் அடித்தொட்டியில் தங்குவதில்லை. தனி இடத்தில் நின்று, பம்ப் வழியாக உள்ளே போய், சூட்டை அள்ளிக்கொண்டு திரும்பும். யமஹா அந்த இடத்தைத் தன் சேசிஸின் குழாய்க்குள்ளேயே வைத்திருந்தது. எனவே அந்த எஞ்சினை மட்டும் கழற்றி எடுப்பவர் எண்ணெய்த் தொட்டியையும் இழக்கிறார். புதிய சேசிஸில் அதற்கு இடம் கண்டாக வேண்டும்.

500 சிசி மோட்டோகிராஸ் போட்டி 1952இல் ஐரோப்பியப் பட்டமாகத் தொடங்கி, 1957இல் உலகப் பட்டமானது. அந்த முதல் உலகப் பட்டத்தை வென்ற சுவீடன் வீரர் பில் நில்சன் ஓட்டியதே ஒரு மாற்று வண்டிதான்: தார்ச்சாலைப் பந்தயத்துக்கென்று பிறந்த ஏஜேஎஸ் 7ஆர் வண்டியை மண்ணுக்கு ஏற்றபடி திருத்தியிருந்தார். என்றாலும் கலப்பு வண்டிக்குப் பெயரும் வடிவும் கொடுத்தவர்கள் என்ற பெருமை, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் நியூ மில்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த டெரிக் ரிக்மன், டான் ரிக்மன் சகோதரர்களுக்கே உரியது.

இருவரும் பிரிட்டன் அணியில் ஓட்டிய முன்னணி வீரர்கள். கடையில் கிடைத்த எந்த வண்டியும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. ஒன்றில் எஞ்சின் நன்றாக இருந்தது, ஒன்றில் கியர்பாக்ஸ், ஒன்றில் முன் ஃபோர்க். 1950களின் இறுதியில் அவர்கள் கட்டிய முதல் வண்டியில் டிரையம்ஃபின் 500 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் இருந்தது. கியர்பாக்ஸும் சேசிஸும் பிஎஸ்ஏ நிறுவனத்துடையவை. முன் ஃபோர்க் நார்ட்டனுடையது. அதற்கு ‘மெட்டீஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் கலப்பினத்தைக் குறிக்கும் பெண்பாற் சொல் அது.

இரவல் சேசிஸோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில் வந்த மூன்றாம் மெட்டீஸின் சேசிஸ் முழுக்க முழுக்க அவர்களுடையது. சைக்கிள் உலகம் நன்கறிந்த ரெனால்ட்ஸ் 531 என்ற உறுதியான எஃகுக் குழாய்களை வெண்கலப் பற்றவைப்பால் இணைத்து, மேலே நிக்கல் பூசினார்கள். எஞ்சின் எண்ணெயை அந்தக் குழாய்களுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். தொட்டி ஒன்றின் எடை மிச்சமாயிற்று. காற்றில் திறந்து நிற்கும் குழாய் எண்ணெயைக் குளிர்விக்கவும் செய்தது. பெட்ரோல் தொட்டி, இருக்கை, பக்கத் தகடுகள் எல்லாம் கண்ணாடியிழையில் ஒரே ஓட்டமாக வார்க்கப்பட்டன. பின்னாளில் அலுமினியமும் கார்பனும் வந்தன. ஆனாலும் மூன்றாம் மெட்டீஸின் நிக்கல் மின்னும் சேசிஸுக்கு இணையான அழகு மண்தட வண்டிகளில் வேறெதற்கும் அமையவில்லை.

முழு வண்டியாகவே விற்க ரிக்மன் சகோதரர்கள் விரும்பினர். பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் எஞ்சின் தர மறுத்தன. அந்த மறுப்பே அவர்களுக்குப் புதிய தொழிலைக் காட்டியது. எஞ்சின் இல்லாத வண்டியை உறுப்புத் தொகுதியாக விற்றார்கள். வாங்கியவர் தன் டிரையம்ஃபையோ மேட்ச்லெஸையோ கழற்றி, அதன் எஞ்சினைத் தானே ஏற்றிக்கொண்டார். ஸ்பெயினின் புல்டாகோ எஞ்சினுக்கென்று சிறிய மெட்டீஸும் செய்தார்கள். அமெரிக்காவில் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 650 சிசி டிரையம்ஃப் எஞ்சின் ஏற்றிய மெட்டீஸைக் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் ஓட்டினார். தார்ச்சாலைக்கான ஒரு கிளையும் முளைத்தது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியை 1970இல் நிறுத்தியபோது மிஞ்சிப்போன 736 சிசி எஞ்சின்கள் ரிக்மன் சேசிஸில் ஏறின. அதே ராயல் என்ஃபீல்டின் புல்லட் அப்போது சென்னையில் தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது.

சேசிஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிஎஸ்ஏ நிறுவனமே விலை கொடுத்துச் சான்று தந்தது. 1964, 1965 ஆண்டுகளில் ஜெஃப் ஸ்மித் அதன் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டியில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு எடையைக் குறைக்க டைட்டானியத்தில் சேசிஸ் செய்தார்கள். அது வளைந்தது, விரிசல் விட்டது. பந்தயத் தடத்தின் ஓரத்தில் வைத்துச் சாதாரண வெல்டிங்கால் ஒட்டவும் முடியவில்லை. 1966ஆம் ஆண்டுப் பட்டம் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ் ஓட்டிய செக் நாட்டு சிஇசட் வண்டிக்குப் போயிற்று. அது இரண்டு ஸ்ட்ரோக். அதன் பிறகு 1993 வரை 500 சிசி உலகப் பட்டம் எந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கும் கிடைக்கவில்லை.

பிஎஸ்ஏ தளர்ந்தபோதும் அதன் எஞ்சின்கள் ஓயவில்லை. எரிக் செனி தம் கையால் செய்த சேசிஸ்களில் அவற்றை ஏற்றினார். பந்தய வீரர் ஜான் பேங்க்ஸ் அந்த வண்டிகளை ஓட்டினார். பிஎஸ்ஏ பந்தயப் பிரிவில் தேங்கிய உறுப்புகளை போல்ட்டன் நகரின் ஆலன் கிளூஸ் வாங்கி, 1971இல் சொந்தமாக வண்டி கட்டத் தொடங்கினார். அதுவே சிசிஎம் நிறுவனமாக வளர்ந்தது.

யமஹா 1976இல் எக்ஸ்டி 500ஐச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 87 மில்லிமீட்டர் துளை, 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 499 சிசி, மேலே ஒரே கேம்ஷாஃப்ட், இரண்டு வால்வு. ஊருக்குள்ளும் காட்டுப் பாதையிலும் நிதானமாக ஓட்டுவதற்கான வண்டி அது. டோர்ஸ்டன் ஹால்மன் அதில் வேறொன்றைக் கண்டார். 250 சிசி பிரிவில் நான்கு முறை உலகப் பட்டம் வென்ற சுவீடன்காரர் அவர். 1959இலும் 1961இலும் 500 சிசி பட்டம் வென்ற ஸ்டென் லுண்டினைத் துணைக்கு அழைத்தார். ஹஸ்க்வர்னா சேசிஸை அடிப்படையாகக் கொண்டு, யமஹா எஞ்சினுக்கு ஏற்ப அதைத் திருத்தினார்கள். யமஹாவின் சொந்தப் பந்தய வண்டிகள் அப்போது பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பருக்கு மாறியிருந்தன. இவர்களோ பழைய இரட்டை ஷாக் அப்சார்பரையே நம்பினர். ஹால்மன், லுண்டின் பெயர்களின் முதலெழுத்துகளே எச்எல்.

ஓட்ட வந்தவர் பெங்க்ட் ஓபெரி. 1969, 1970 ஆண்டுகளின் 500 சிசி உலக வீரர். 1977ஆம் ஆண்டு லக்ஸம்பர்க் கிராண்ட் பிரீயின் முதல் ஓட்டத்தில், இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் நிறைந்த வரிசையில், இந்த ஒற்றை நான்கு ஸ்ட்ரோக் வண்டியோடு அவர் முதலாவதாக வந்தார். ஆண்டு முடிவில் ஒன்பதாம் இடம். அந்த ஆண்டின் பட்டத்தை வென்ற ஹெய்க்கி மிக்கோலா ஓட்டியதும் யமஹாதான். தொழிற்சாலையின் முழு ஆதரவும் பெற்ற இரண்டு ஸ்ட்ரோக். சிலர் இணைத்த குழாய்களுக்குள் கடைவண்டியின் எஞ்சின் ஒன்று அந்த அளவுக்கு ஓடியதை நினைத்தால் லக்ஸம்பர்க் வெற்றியின் உயரம் விளங்கும். பின்னர் குறைந்த எண்ணிக்கையில் எச்எல் 500 யமஹா பெயரில் விற்பனைக்கு வந்தது. சேசிஸ்களை இங்கிலாந்தின் புரோஃபாப் பட்டறை செய்தது. தொட்டியில் யமஹா என்று எழுதியிருந்தாலும் அது சுவீடன் வண்டி. அதே எஞ்சின், தன் சொந்தச் சேசிஸில், 1979இல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் சிரில் நெவேவுக்கு மோட்டார் சைக்கிள் வெற்றியைப் பெற்றுத் தந்தது.

1997இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் தண்ணீரால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வென்றார். மறு ஆண்டே ஒய்இசட் 400எஃப் விற்பனைக்கு வந்தது. நான்கு ஸ்ட்ரோக் தொழிற்சாலைக்கே திரும்பிவிட்டதால், முன்வரிசைப் பந்தயத்தில் கலப்பு வண்டிக்கு இடமில்லாமல் போயிற்று. இன்று ஐரோப்பாவின் பழைய வண்டிப் பந்தயங்களில் மெட்டீஸ்களும் எச்எல் 500களும் ஓடுகின்றன; அமெரிக்காவில் ஆர்வலர்கள் ஹோண்டாவின் பழைய எக்ஸ்ஆர் எஞ்சின்களைப் புதிய அலுமினியச் சேசிஸ்களில் பொருத்துகிறார்கள்; சிறுவர்களுக்கான குட்டி வண்டிகளில் சீனாவில் செய்த, படுத்த சிலிண்டர் கொண்ட ஹோண்டா வகை எஞ்சின்கள் பரவலாக ஏறுகின்றன.