அம்பாசடர் கையும் கிளியர்கோட் உடம்பும்

கார் துடைக்கிறதுல என்னய்யா வரலாறு இருக்குன்னு நீங்க கேக்கறது எனக்கும் கேக்குது. வாரம் பூரா பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை வேற வேலை இல்லையான்னும் கேப்பீங்க. நிஜமாவே இல்லைங்க :-)

ஆனா ஒரு கேள்வி ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. எங்க பக்கத்துல, அதாவது வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்கள்ல, யார் கார் துடைச்சாலும் கை ஒரே மாதிரிதான் போகுது. ஒரு வாளி தண்ணி, ஒரு மஞ்சத்துணி, வட்ட வட்டமா அழுத்தித் தேய்ப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பாலிஷ். டிரைவிங் ஸ்கூல்லயும் இதைச் சொல்லித் தரல, கார் வாங்கும்போது குடுக்கற புத்தகத்துலயும் இது இல்ல. அப்ப இந்தக் கை எங்கேருந்து வந்தது? நோண்ட ஆரம்பிச்சா, முதல் உலகப் போரோட வெடிமருந்துக் கிடங்கு வரைக்கும் போகுது கதை.

எங்க ஊரோட முதல் 'கார்' திருக்காமீஸ்வரர் கோயில் தேர்தான். வெள்ளைக்காரன் தேரை 'கார்'னுதான் எழுதினான், தமிழ்நாட்டுல பல ஊர்ல தேரோடும் வீதிக்கு 'கார் ஸ்ட்ரீட்'னு பலகை நிக்கிறது அதனாலதான். வில்லியனூர் தேருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பிரெஞ்சுக்காரங்க காலத்துல கவர்னரே வந்து வடம் பிடிப்பார். 1954-ல அவங்க போன பிறகும் அந்த வழக்கம் போகல, வைகாசித் தேர்த் திருவிழாவுக்கு இப்பவும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். இங்க எதுக்கு இந்தக் கதைன்னா, நம்ம பக்கத்துத் தேர்களைக் கவனிச்சுப் பாருங்க. திருவிழா முடிஞ்சதும் தகரத்தால சுத்தி அடைச்சு வச்சிடுவாங்க. மரத்துக்கு எமன் வெயிலும் மழையும்தான்னு தெரிஞ்சவங்க செஞ்ச ஏற்பாடு. மெழுகு, பாலிஷ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, சரி, மேட்டருக்கு வருவோம்.

மோட்டார் கார் வந்த புதுசுல அதுக்குன்னு தனி பெயிண்ட் கிடையாது. குதிரை வண்டிக்கு அடிச்ச அதே எண்ணெய் வார்னிஷ்தான். ஒரு பூச்சு பூசணும், காயணும், தேய்க்கணும், அடுத்த பூச்சு. இப்படியே ஒரு காருக்கு வாரக் கணக்குல ஆகும். கார் செய்யறதைவிட அது காயறதுக்கு அதிக நாள்! ஃபோர்டு கம்பெனிக்காரங்க மாடல் டி காரை 1914-ல இருந்து 1925 வரைக்கும் கறுப்புல மட்டுமே வித்தாங்க. நிலக்கீல் கலந்த கறுப்புப் பூச்சு, அடுப்புல வச்சு சுட்டு எடுப்பாங்க. விலை மலிவு, உழைப்பு ஜாஸ்தி. கலர் வேணும்னா மட்டும் பொறுமை வேணும்.

அந்தப் பொறுமைக்கு முடிவு கட்டினதுதான் டூகோ. அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனி போர்க் காலத்துல டன் டன்னா வெடிமருந்து செஞ்சவங்க. பஞ்சை அமிலத்துல ஊற வச்சா நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும், பேச்சு வழக்குல துப்பாக்கிப் பஞ்சு. நம்ம நீலகிரியில அருவங்காட்டுல 1903-ல ஆரம்பிச்ச கார்டைட் தொழிற்சாலைக்கும் இதே பஞ்சுதான் மூலச்சரக்கு. போர் முடிஞ்சதும் இந்தப் பஞ்சை என்ன பண்றது? கொஞ்சம் பக்குவம் மாத்தி, தின்னர்ல கரைச்சு, கலர் கலந்தா வண்டிக்கு அடிக்கிற லாக்கர் ஆகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸ்காரங்க 1924 மாடல் ஓக்லண்ட் காரை இந்த டூகோ நீலத்துல இறக்கினாங்க. வாரக் கணக்கு மணிக் கணக்கா சுருங்கிடுச்சு. கார்னா கறுப்புன்னு இருந்த காலமும் அதோட முடிஞ்சது.

(லாக்கர்ங்கற வார்த்தையோட வேர் நம்ம ஊர்ச் சரக்கு. சமஸ்கிருத 'லாக்ஷா', அதாவது அரக்கு. போர்ச்சுகீசியர் வாய் வழியா ஐரோப்பா போய், வெடிமருந்துப் பஞ்சோட சேர்ந்து, டப்பாவுல அடைச்சு நம்மகிட்டயே திரும்பி வந்திருக்கு.)

டூகோ நம்ம நாட்டுக்கு எப்படிப் பொருந்துச்சுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். எனாமல் பெயிண்ட் அடிச்சா காயற வரைக்கும் பிசுபிசுன்னு இருக்கும், தெருவுல போற தூசியெல்லாம் அதுல ஒட்டும். சூடான அறை வேணும், தூசி இல்லாத இடம் வேணும். டூகோவுக்கு ஒண்ணும் வேண்டாம். தின்னர் பறந்துபோனா காஞ்சிடுச்சு, அவ்வளவுதான். விழுப்புரம் ரோட்டு ஓரத்துல நாலு கம்பு நட்டு ஓலை வேய்ஞ்ச பட்டறையே போதும். இன்னொரு வசதி, காஞ்ச டூகோ மறுபடி தின்னர் பட்டா கரையும். அதனால பழைய பூச்சும் புதுப் பூச்சும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். கதவுல ஒரு கீறல்னா அந்த இடத்தை மட்டும் பட்டி வச்சுத் தேய்ச்சு அடிச்சா வித்தியாசம் தெரியாது. டூகோங்கறது கம்பெனி வச்ச பேருதான், ஆனா நம்ம பட்டறைகள்ல ஸ்ப்ரே பெயிண்டுக்கே பொதுப் பேராயிடுச்சு, பீரோவுக்கும் 'டூகோ அடிச்சது'ன்னு சொல்ற அளவுக்கு.

ஆனா ஒரு கண்டிஷன். லாக்கர் அடிச்ச உடனே பளபளக்காது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சாதான் மினுக்கு வரும். அப்புறம் வெயில்ல நின்னா மேல்தோல் செத்து சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அந்தச் செத்த தோலைத் தேய்ச்சு எடுத்தா, அடியில இருக்கிற நல்ல கலர் மேல வரும். அதாவது இந்தப் பெயிண்டைத் தேய்க்கிறது தப்பே இல்ல, தேய்க்காம விட்டாதான் தப்பு!

எங்க மாமா வில்லியனூர்ல ரொம்ப வருஷம் அம்பாசடர் வாடகைக்கு ஓட்டினவர். வண்டியை இந்துஸ்தான் மோட்டார்ஸ்காரங்க செஞ்சு அனுப்பின பெயிண்டோட வச்சுக்கிட்டிருந்தது கொஞ்ச காலம்தான், அப்புறம் எல்லாம் பட்டறை டூகோ. அவர் பாலிஷ் போடறதை திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். மஞ்சத்துணியில காம்பவுண்டைத் தொட்டு வட்டமா தேய்ப்பார். நாலு சுத்துல துணியில வண்டியோட கலர் இறங்கிடும். "பாத்தியா மாப்ள, அழுக்கு எப்படி வருது"ம்பார். அது அழுக்கு இல்ல, பெயிண்ட்டே! ஆனா அவர் செஞ்சது சரிதான். பானெட் மடிப்பு ஓரங்கள்ல வருஷா வருஷம் தேய்ச்சுத் தேய்ச்சு அடியில இருக்கிற பிரைமர் எட்டிப் பாக்கும். அப்ப பட்டறைக்குப் போய் ரெண்டு கோட்டு அடிச்சுக்குவார். பம்பருக்கு பிராஸோ. முடிஞ்சது.

பாலிஷுக்கு மேல மெழுகு. அமெரிக்காவுல 1910-லயே சைமனைஸ்னு ஒரு கம்பெனி கார் மெழுகு விக்க ஆரம்பிச்சு, அந்தப் பேரே 'மெழுகு போடறது'ங்கற வினைச்சொல்லா ஆயிடுச்சு. நல்ல கார் மெழுகுக்கு உசிர்னாடி கார்னூபா. பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பனையோட ஓலையில இருந்து எடுக்கறது, நம்ம பனைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி. வறண்ட வெயில்ல ஓலையோட ஈரம் போயிடாம இருக்க அந்த மரமே சுரக்கிற மெழுகு அது. 80 டிகிரி தாண்டினாதான் உருகும். மரம் தன்னைக் காப்பாத்திக்க செஞ்சதை மனுஷன் சுரண்டி காருக்குப் பூசறான்.

நம்ம ஊர்ல கார்னூபாவுக்கு எங்க போறது? மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், டீசல் நனைச்ச துணி. துடைச்ச உடனே ஜொலிக்கும், ரோட்டுல இறங்கி ரெண்டு கிலோமீட்டர் போனா தூசியெல்லாம் அப்பிக்கும். லாரிக்காரங்க கழிவு ஆயிலை அடியில அடிக்கிறது மட்டும் நியாயமான வைத்தியம், கடற்கரைப் பக்கம் துரு அப்படி. கழுவறதுக்கு சோப்புத்தூள். அப்புறம் ஷாம்பு பாக்கெட் வந்தது. அது எங்க பாகூருக்கு அடுத்த வீட்டுச் சரக்கு தெரியுமோ? ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டுல போட்டு விக்கற யோசனையைப் பெரிசா நடத்திக் காட்டினது கடலூர் சின்னிகிருஷ்ணன் குடும்பம். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட தனியா ஆரம்பிச்சதுதான் சிக் ஷாம்பு. தலைக்குன்னு வந்த பாக்கெட் வீட்டு வாசல்ல நிக்கற வண்டிக்கும் போயிடுச்சு. உண்மையைச் சொன்னா, சோப்புத்தூளுக்கு இது எவ்வளவோ மேல். சோப்புத்தூள் அழுக்கோட சேர்த்து மெழுகையும் உரிச்சு எடுத்துடும்.

இது வரைக்கும் எல்லாம் சுபம். கை ஒண்ணு, பெயிண்ட் ஒண்ணு, ரெண்டும் ஜோடிப் பொருத்தம். அப்புறம் யாருக்கும் சொல்லாம பெயிண்ட் மட்டும் மாறிடுச்சு.

1980-கள்ல உலகம் முழுக்க கார் கம்பெனிங்க பெயிண்டை ரெண்டாப் பிரிச்சாங்க. அடியில கலர், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு தோல், அதுதான் கிளியர்கோட். நம்ம நாட்டுல மெட்டாலிக் கலர்கள் பெருகப் பெருக இது வீட்டு வாசலுக்கே வந்தது. வெயிலைத் தாங்கற மருந்து எல்லாம் இந்தத் தோல்லதான் இருக்கு. தடிமன் எவ்வளவு தெரியுமா? சுமார் 40, 50 மைக்ரான். உங்க தலைமுடியைவிட மெலிசு. இது டூகோ மாதிரி வெளுக்காது, அதனால வருஷா வருஷம் தேய்க்கத் தேவையும் இல்ல. தின்னர் பட்டா கரைஞ்சு கலக்காது, அதனால ஒரு இடத்தை மட்டும் ஒட்டுப் போடறதும் கஷ்டம். தேய்ச்சு ஓட்டையாச்சுன்னா வெயில்ல கருகின தோல் மாதிரி உரியும். அதுக்கு பாலிஷ் கிடையாது, திரும்ப அடிக்கிறது ஒண்ணுதான் வழி.

உங்க வண்டி எந்த ஜாதின்னு தெரியணுமா? வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் தொட்டு, மறைவான ஒரு மூலையில மெதுவா தேய்ச்சுப் பாருங்க. துணியில வண்டிக் கலர் வந்தா பழைய ஜாதி. வரலைன்னா மேல கிளியர்கோட் இருக்கு, கையை எடுத்துடுங்க.

மாமா அம்பாசடரைக் குடுத்துட்டு சாம்பல் மெட்டாலிக்ல ஒரு வண்டி வாங்கினார். வாங்கின வருஷமே ஆயுத பூஜைக்கு அதே மஞ்சத்துணி, அதே காம்பவுண்ட், அதே வட்டம். "இன்னாடா மாப்ள, துணியில அழுக்கே வரல, வண்டி அவ்ளோ சுத்தமா கீது"ன்னு சந்தோஷம் வேற. மூணு வருஷத்துல வெயில்ல நிறுத்தினா சூரியன் விழற இடத்தைச் சுத்தி சிலந்தி வலை. அந்த வலை வட்டமா தெரியறது நம்ம கண்ணோட வேலை, கீறல் எல்லாப் பக்கமும்தான் இருக்கு, வெளிச்சத்துக்குக் குறுக்கா இருக்கிறது மட்டும் மின்னி வட்டமா தெரியுது. அவர் கையில எந்தக் குத்தமும் இல்ல. அம்பது வருஷமா ஒரு தலைமுறையே பழகின கை அது. அந்தக் கைக்கு யாரும் தகவல் சொல்லல, அவ்வளவுதான்.

எங்க மண்ணும் தண்ணியும் இதுக்கு ஒத்துழைக்கிறதில்ல. போர் தண்ணி பல இடத்துல உப்பு, பாகூர் கடலோரப் பக்கம் இன்னும் மோசம். வெயில்ல கழுவிட்டு அப்படியே விட்டா சுண்ணாம்புப் பொட்டு பொட்டா நிக்கும். காலையிலயோ நிழல்லயோ கழுவி உடனே ஒத்தி எடுக்கணும். ஊசுடு ஏரி 2008-ல பறவைகள் சரணாலயமா ஆனது, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தப் பறவைங்களுக்கு எங்க காரும் சரணாலயம்தான். எச்சத்தைக் காயவிட்டா கிளியர்கோட்ல தடம் விழும். ஈரத்துணியை அது மேல அஞ்சு நிமிஷம் போட்டு ஊற வச்சு, வழிச்சு எடுக்கணும், தேய்க்கக் கூடாது. நிழல் கிடைச்சா மெழுகு வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். செராமிக் கோட்டிங் பத்தி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்றாங்க. அந்தக் காசுக்கு வாசல்ல ஒரு கொட்டகை போடலாம்ங்கறது என் கட்சி, தேருக்குத் தகரம் அடைச்ச மாதிரி.

இதெல்லாம் வெட்டி ஆராய்ச்சி இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது ஃபெஞ்சல் புயல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துலதான் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்துல 45 செ.மீ.க்கும் மேல மழை. பின்னாடியே சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ள புகுந்தது, இந்தப் பக்கம் சங்கராபரணியிலயும் வெள்ளம். பலருக்கு வீட்டையும் நெல்லையும் பாக்கவே நேரமில்ல. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவங்களுக்கோ வண்டிதான் நெல்லு. தண்ணி வடிஞ்ச மறுநாள் காலையில தெருவுல பாக்கறேன், ஆளாளுக்குக் காஞ்சுபோன வண்டல் மேல ஈரத்துணியைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறாங்க. வண்டல்ல இருக்கிறது பொடி மணல், கிளியர்கோட்டைவிடப் பல மடங்கு கடினம். ஈரத்துணியோட சேர்ந்தா அது எமரி பேப்பரேதான்.

எங்க தெருவுல மட்டும் சொல்லிப் பாத்தேன். துணியே தொடாதீங்க, மேலேருந்து தண்ணியை மட்டும் ஊத்துங்க, வண்டல் ஊறி தானா வழியட்டும், மண் எல்லாம் போன பிறகு ரெண்டு வாளி வச்சுக்கோங்க, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணு துணி அலசறதுக்கு, கூரையில ஆரம்பிச்சுக் கீழ வாங்க, நேர்க்கோட்டுல இழுங்க. ரெண்டு பேர் கேட்டாங்க. ஒருத்தர், "தம்பி, கரண்டே இல்ல, தண்ணிக்கு நான் எங்க போறது"ன்னாரு. நியாயமான கேள்வி. மொட்டை மாடியில தேங்கி நின்ன மழைத்தண்ணியை வாளி வாளியா இறக்கினோம். உப்பே இல்லாத தண்ணி, ஒரு பொட்டுகூட விழல.