பேரதிர்ச்சி மன உளைச்சலும் தற்கொலை அபாயமும்: சென்னையின் தடுப்புப் பணி

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி., உயிருக்கு ஆபத்தான விபத்து, பேரிடர், போர், பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்கு வரக்கூடிய மனநோய். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. நடந்தது கண்முன் மீண்டும் மீண்டும் வருவது, கெட்ட கனவு, அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, ஓயாத பதற்றம் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பது இதன் அடையாளம். சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

அபாயம்

இந்நோய் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றவர்களைவிட அதிகம். மனச்சோர்வு, மதுப் பழக்கம், தூக்கமின்மை, தீராத உடல்வலி, தான் மட்டும் பிழைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு ஆகியவை சேரும்போது அபாயம் கூடும். ஏற்கெனவே முயன்றவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனிப்பு தேவை. இருப்பினும் நோயாளிகளில் பெரும்பாலோர் தற்கொலைக்கு முயல்வதில்லை.

சென்னையில்

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம் மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் உள்ளிட்ட மீனவர் குடியிருப்புகளைத் தாக்கியது. அதில் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மனநல ஆதரவு அளித்தனர். தமிழகத்து இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களிலும், தொடர்ந்து நலம் விசாரிப்பது, நெருக்கடி நேரத்துக்கான பாதுகாப்புத் திட்டம் வகுப்பது ஆகிய இரண்டையும் இணைத்த தடுப்பு முறை ஆராயப்பட்டது.

இவ்வாறு தொடர்ந்து நலம் விசாரிப்பதன் பலனுக்கு வலுவான சான்று, உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு. தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 சதவீதத்தினர் 18 மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்தனர். ஒரு மணி நேர ஆலோசனையும் அடுத்தடுத்த நலம் விசாரிப்பும் கூடுதலாகப் பெற்றோரில் அது 0.2 சதவீதமே.

சிகிச்சையும் உதவியும்

அதிர்ச்சியை மையப்படுத்திய உளவியல் சிகிச்சைகளும் செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் பலன் தருகின்றன. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. மனம்விட்டுப் பேச வழி திறக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, சிகிச்சையும் மறுவாழ்வும் தர அரசைக் கடமைப்படுத்துகிறது. எனவே உதவி கேட்க அஞ்ச வேண்டியதில்லை. சினேகாவை 044-24640050 என்ற எண்ணிலும், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.