தற்காலிகச் சட்டமும் ஒரு சட்டத்தரணியும்

1979இல் 3 ஆண்டுகளுக்கென்றே கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. முதலில் தமிழ் இளைஞரையும், பின்னர் தென்னிலங்கைச் சிங்கள இளைஞரையும் வாட்டிய அச்சட்டம், 2019இன் உயிர்த்த ஞாயிறுக்குப் பின் முஸ்லிம்களின் வாயிலிலும் வந்து நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 26 இரவு, எமது சாய்ந்தமருதிலே கொலைஞர்கள் தம் குழந்தைகளோடு வெடித்துச் சிதறியதை அறிந்த நாம், பயங்கரவாதத்தின் கொடுமையை உணராதவர்களல்லர். ஆயினும், சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வுக்கு நேர்ந்ததை எந்த நியாயத்தில் அடக்குவது?

2018இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்றில் வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். 2020 ஏப்ரல் 14ஆம் நாள், கொரோனாத் தொற்றின் பெயரால் வீட்டிலேயே இருக்கச் செய்து, பின்னர் அவரைக் கைது செய்தனர் என்று குடும்பத்தினர் கூறினர். குற்றப்பத்திரம் வருவதற்கே 10 மாதங்களுக்கு மேலாயிற்று. மாணவரிடையே இனப்பகை மூட்டும்படி பேசினார் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு எதிரான வாக்குமூலத்தில் கையொப்பமிடுமாறு தம்மை வற்புறுத்தினர் என்று சிறுவர் சிலரின் சார்பில் உயர் நீதிமன்றில் மனுவே தாக்கலாயிற்று!

பிறருடைய உரிமைக்காக வாதாடியவர், தம் சட்டத்தரணியுடன் தனித்துப் பேசுவதற்கும் போராட வேண்டியவரானார். ஏறத்தாழ 22 மாதங்களின் பின், சட்டமா அதிபரும் இணங்கிய பிறகே, 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது, அதுவும் பிணையிலேதான்.