மரபு யாருடைய உடைமை?

நூலுக்கு முன்னரே சமூகம் இருந்தது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளவாறே குறிக்கும் பட்டியலை, அத்தனாசியார் 367ஆம் ஆண்டில் வரைந்த மடலிலே காண்கிறோம். எந்நூல் வேதம், எந்நூல் அன்று என அதற்கு முன் பல தலைமுறைகளாகத் தேர்ந்து காத்தது, கூடிச் செபித்த சபைகளின் வாழ்வேயாகும்.

வேதம் ஒன்றே போதும் என லூதர் முழங்கியபோது, இம்மரபையே கத்தோலிக்கத் திருச்சபை தன் அரணாகக் கொண்டது. வேதத்தையும், அப்போஸ்தலர் வழிவந்த எழுதா மரபுகளையும் ஒரே பக்தியுடன் ஏற்குமாறு திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் விதித்தது. ஆயின், பொருள் கூறும் உரிமை மேலிடத்தின் கையிலேயே தங்கியது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் வழுவாவரத்தைப் பிரகடனஞ் செய்தபோது, அப்பிடி மேலும் இறுகியது.

எனினும், மக்களை முற்றாக ஒதுக்க முடிந்ததா? மரியாளின் விண்ணேற்பை 1950இல் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்குமுன், குருக்களும் மக்களும் அதனை விரும்புகின்றனரா எனப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1946இல் ஆயர்களை வினவ நேர்ந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணிபுரிவதே என உரைத்தது. விசுவாசிகளின் சிந்தனையாலும் ஆய்வாலும் மரபு வளர்கின்றது என்பதையும் ஒப்பியது.

மரபைச் சுமந்து வந்தவர் மக்களெனின், அதன் பொருளை உரைப்பதிலும் அவர்க்குப் பங்குண்டன்றோ? வரலாறு நம்முன் வைக்கும் வினா இதுவே.